சர்வருக்கு விடுமுறை: சொல்லிவிட்டு மூடும் முறை

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், நம் நகரின் விமான நிலையம் மாலை வேளையில் சுமார் ஐந்து மணி நேரம் மூடப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழியில் ஓடுபாதை குறுக்கிடுகிறது. 1932ல் விமான நிலையம் ஏற்படுவதற்கு முன்பிருந்தே ஊர்வலம் போய்வரும் வழி அது. ஆகவே அந்த இரண்டு நாட்களிலும் விமானங்கள் ஒதுங்கி நிற்கின்றன. சுவாமி கடலாடித் திரும்பிய பின் ஓடுபாதை மீண்டும் திறக்கப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று எந்த விமானமும் நகரின் மேல் வட்டமிட்டுக்கொண்டு, "ஏன் மூடியிருக்கிறது?" என்று கேட்பதில்லை. 'நோட்டாம்' எனப்படும் முன்னறிவிப்பு பல நாட்களுக்கு முன்பே விமானிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் போய்விடுகிறது. எந்த ஓடுபாதை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது அதில் இருக்கும். எந்த நாட்டு விமானி படித்தாலும் குழப்பம் வராதபடி நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நிறுவனங்கள் தங்கள் நேர அட்டவணையை மாற்றிப் பயணிகளுக்குச் சொல்லிவிடுகின்றன. 2025ல் ஓடுபாதையின் மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோதும் இதே முறைதான். ஜனவரி 14 முதல் மார்ச் 29 வரை தினமும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்து, விமானங்களை அதிகாலைக்கும் இரவுக்கும் மாற்றி அமைத்தார்கள்.

நான் இந்நகரில் பல ஆண்டுகளாகக் கணினிச் சர்வர்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன். எங்கள் தொழிலிலும் இதே வேலை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்த வேண்டும், அதை நம்பி வருகிறவர்களுக்கு முன்னதாகச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு வழி காட்ட வேண்டும், சொன்ன நேரத்தில் மீண்டும் திறக்க வேண்டும். இன்று ரேஷன் அரிசியும் ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஓய்வூதியமும் கணினி வழியாகவே நம் வீடுகளுக்கு வருகின்றன. ஆகவே இந்த முறை எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று கருதி இதை எழுதுகிறேன்.

சர்வர் என்பது யார்?

தமிழில் சர்வர் என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர்தான். அந்த நினைவு பொருத்தமானதே. கணினிச் சர்வரும் அதையேதான் செய்கிறது. நாம் செல்பேசியிலோ வீட்டுக் கணினியிலோ ஒரு தகவலைக் கேட்கிறோம். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி அந்த வேண்டுகோளைப் பெற்று, உள்ளே தேடி, கொண்டுவந்து தருகிறது. ஓட்டல் சர்வர் ஒரே நேரத்தில் ஏழெட்டு மேசைகளைக் கவனிப்பார். கணினிச் சர்வர் ஆயிரக்கணக்கானவர்களைக் கவனிக்கும்.

ஆனால் அதற்கும் பராமரிப்பு வேண்டும். தகவல்களைச் சேமிக்கும் வட்டுகள் தேய்கின்றன. குளிரூட்டும் கருவிகளையும் மின்கலங்களையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மென்பொருளில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைத்த பின் கணினியை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். சில சமயம் முழுத் தகவலையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றும்போது யாராவது புதிதாக எழுதிக்கொண்டே இருந்தால் கணக்குப் பிசகும். கடையில் சரக்கு இருப்பெடுக்கும் நாளில் வியாபாரத்தை நிறுத்திவைப்பது போன்றது இது. சாலைக் கடைவீதியில் கணக்கெழுதிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு சர்வர் திட்டமிட்டு நிறுத்தப்படுவது பழுது அல்ல. பழுது வராமல் இருப்பதற்காகச் செய்யப்படுவது அது. எப்போது பார்த்தாலும் 'சர்வர் டவுண்' என்று சலித்துக்கொள்ளும் நாம், எது திட்டமிட்ட நிறுத்தம், எது எதிர்பாராத கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அல்ல, நம்மிடம் யாரும் சொல்லாததுதான்.

ஒரு பெரியவரின் அலைச்சல்

கரமனைப் பக்கம் மகன் வீட்டில் வசிக்கும் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் தொடர்ந்து வர வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு முறை தாம் உயிரோடு இருப்பதற்கான சான்றை அவர் பதிவு செய்ய வேண்டும். விரலை வைத்தால் கணினியே சான்று தந்துவிடும். அப்படிச் செய்யப் போன இடத்தில் இரண்டு நாட்கள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சர்வர் டவுணாணு, நாளெ வரூ" என்பது மட்டுமே பதில்.

"தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு அந்த மெஷின் ஒத்துக்கிட மாட்டேங்குது. பென்ஷன் நின்னு போயிருமா?" என்று என்னிடம் கேட்டார்.

"நிக்காது அண்ணாச்சி, ரெண்டு நாள் பராமரிப்பு வேலையாம். திங்கட்கிழமை காலையில போங்க" என்று சொன்னேன். வேலை நடப்பதும், அது முடியும் நேரமும் ஆங்கிலத்தில் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அறிவிக்கப்பட்டிருந்தன. அதைப் படித்துச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அறிவிப்பு இருந்தது, ஆனால் அது தேவைப்பட்டவரை அடையவில்லை. இரண்டு ஆட்டோக் கட்டணமும் இரண்டு இரவுத் தூக்கமும் அவருக்கு நஷ்டம்.

திட்டமிட்ட நிறுத்தத்தில் பாதி வேலை இயந்திர வேலை. மறுபாதி சொல்லும் வேலை. இந்த இரண்டாவது பாதியைச் சரியாகச் செய்யாவிட்டால் முதல் பாதி எவ்வளவு திறமையாக நடந்தாலும் மக்களுக்கு அது கோளாறுதான்.

நல்ல அறிவிப்பில் இருக்க வேண்டியவை

முதலாவது, நேரம். 'சனிக்கிழமை இரவு 12 மணி' என்று எழுதினால் அது வெள்ளி கழிந்து வரும் 12 மணியா, சனி கழிந்து வரும் 12 மணியா என்று ஐயம் எழும். அனுபவமுள்ளவர்கள் 11.59 அல்லது 12.01 என்று எழுதுவார்கள், தேதியையும் சேர்த்தே எழுதுவார்கள். எந்த நாட்டு நேரம் என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் குடும்பங்களில் ஒருவர் துபாயிலும் ஒருவர் அமெரிக்காவிலும் இருப்பது சாதாரணம். இங்கே நள்ளிரவு என்றால் துபாயில் இரவு பத்தரை மணிதான், ஊருக்குப் பணம் அனுப்பக் கணினி முன் உட்காரும் நேரம். அமெரிக்காவிலோ நல்ல பகல்.

இரண்டாவது, எவை நிற்கும், எவை நிற்காது. மூன்றாவது, நிற்கும் நேரத்தில் மாற்று வழி. நான்காவது, அந்த நேரத்தில் கடைசித் தேதி உள்ள வேலை எதுவும் இருந்தால் அதற்கு என்ன தீர்வு. ஐந்தாவது, மொழி. படிப்பவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாத அறிவிப்பு அவருக்கு அறிவிப்பே அல்ல.

இந்த அளவுகோலை வைத்துச் சில உண்மை நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம்.

கொரோனாக் காலத்தில் சிறப்பு ரயில்களாக ஓடியவற்றை மீண்டும் பழைய எண்களுக்கு மாற்றுவதற்காக, 2021 நவம்பரில் ரயில்வே தன் முன்பதிவு அமைப்பை ஏழு இரவுகள் நிறுத்தியது. நவம்பர் 14 இரவு தொடங்கி 21 அதிகாலை வரை, ஒவ்வொரு நாளும் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை முன்பதிவும் ரத்து செய்தலும் இயலாது என்று அறிவித்தார்கள். ஒரேயடியாக மூடாமல் ஆட்கள் குறைவாக வரும் ஆறு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் புறப்படும் ரயில்களுக்கான பயணிகள் பட்டியலை முன்னதாகவே தயாரித்துவிடுவதாகவும், 139 தொலைபேசி விசாரணை தொடர்ந்து இயங்கும் என்றும் கூறினார்கள். எது நிற்கும், எது நிற்காது, வேறு வழி என்ன ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

2024 ஜூலை 13 அன்று ஹெச்.டி.எஃப்.சி. வங்கி தன் மையக் கணினி அமைப்பை மாற்றியது. அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை, பதின்மூன்றரை மணி நேரம். அது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை நாள். யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் அந்த நேரம் முழுவதும் நிற்காது, அதிகாலை 3 முதல் 3.45 வரையும், காலை 9.30 முதல் பகல் 12.45 வரையும் மட்டுமே நிற்கும் என்று பிரித்துச் சொன்னார்கள். தேவையான பணத்தை முதல் நாள் மாலை 7.30க்குள் எடுத்துவைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார்கள். கறிகாய்க் கடையிலும் பணமில்லாமல் செல்பேசியை நீட்டிப் பழகிய நமக்கு அந்தக் கடைசி வரிதான் மிகவும் பயனுள்ளது.

அதே ஆண்டு பாஸ்போர்ட் சேவை இணையதளம் ஆகஸ்ட் 29 இரவு 8 மணி முதல் செப்டம்பர் 2 காலை 6 மணி வரை நிற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 30ஆம் தேதிக்கு நேரம் பெற்றிருந்தவர்களுக்கு வேறு நாள் ஒதுக்கப்பட்டது. வேலை சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்து, செப்டம்பர் 1 மாலையிலேயே தளம் திறந்துவிட்டது. கேட்ட நேரம் கொஞ்சம் கூடுதலாக இருந்து, முடிப்பது முன்னதாக இருந்தால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. எங்கள் தொழிலில் இளைஞர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இரண்டு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் கேள் என்போம்.

வருகிறவர்களை எங்கே அனுப்புவது?

அறிவித்தாயிற்று. இனி வருகிறவர்களைத் திருப்பிவிடும் வேலை. இதைத்தான் கணினித் துறையில் போக்குவரத்தைத் திருப்புதல் என்கிறோம். கிள்ளிப்பாலத்தில் சாலையைத் தோண்டும்போது வண்டிகளை வேறு வழியாக அனுப்புவது போல.

பெரிய நிறுவனங்களில் ஒரே வேலையைச் செய்யப் பல சர்வர்கள் இருக்கும். அவற்றின் முன்னால் வருகிறவர்களைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு கருவி இருக்கும். பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. பத்துச் சர்வர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, வேலை முடித்து, திரும்பச் சேர்த்துவிட்டு, அடுத்ததை எடுப்போம். இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆனால் விலக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. தம்பானூர் ரயில் நிலையத்தில் ஒரு டிக்கெட் கவுண்ட்டரை மூட வேண்டுமென்றால், வரிசையின் கடைசியில் நிற்பவருக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்வார்கள். ஏற்கனவே நிற்பவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்த பின்தான் பலகையைச் சாத்துவார்கள். சர்வரிலும் அப்படியே. புதிதாக வருகிறவர்களை வேறு சர்வருக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் தங்கள் காரியத்தை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்துபோனால், பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் அந்தக் குடும்பம் தவிக்கும்.

முழுத் தளத்தையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோவதானால் இன்னொரு ஏற்பாடு தேவை. நாம் ஒரு இணையதளத்தின் பெயரை இடுகிறோம். அந்தப் பெயருக்குரிய சர்வரின் எண் என்ன என்பதைச் சொல்ல இணையத்தில் ஒரு பெயர்ப் பதிவேடு உண்டு. 'டி.என்.எஸ்.' என்று அதற்குப் பெயர். ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணை நம் பக்கத்திலுள்ள கணினிகள் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலம் 24 மணி நேரம் என்றிருந்தால், நாம் எண்ணை மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய வாசலிலேயே வந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மாற்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே அந்த நினைவுக் காலத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுவோம். பிறகு மாற்றினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் புது வாசலுக்கு வந்துவிடுவார்கள். முன்கூட்டிச் செய்யாமல் அன்றைக்கே குறைத்தால் பயனில்லை, பழைய குறிப்பு ஏற்கனவே ஊரெல்லாம் பரவியிருக்கும்.

சில தளங்களில் மூன்றாவது ஒரு வழியும் உண்டு. படிக்கலாம், எழுத முடியாது என்று வைப்பது. பழைய விவரங்களைப் பார்க்கலாம், புதிய விண்ணப்பம் மட்டும் போட முடியாது. நூலகத்தில் புத்தகம் எடுத்துச்செல்வதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து படிக்க மட்டும் அனுமதிப்பது போன்றது. பல அலுவலகங்களுக்கு இதுவே போதுமானது.

எந்த வழியானாலும், அறிவிப்புப் பக்கத்தை நிறுத்தப்போகும் சர்வரிலேயே வைக்கக்கூடாது. பூட்டிய வீட்டுக்குள் பலகை மாட்டினால் வெளியே நிற்பவர் எப்படிப் படிப்பார்? அதை வேறொரு சர்வரில் வைத்திருக்க வேண்டும்.

இயந்திரங்களிடமும் உண்மை

சர்வரிடம் வருகிறவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல. தேடுபொறிகளின் நிரல்களும், மற்ற அலுவலகங்களின் கணினிகளும் வருகின்றன. அவற்றுக்குப் பலகையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பதிலுடனும் சர்வர் ஒரு மூன்றிலக்க எண்ணையும் அனுப்புகிறது. எல்லாம் சரி என்றால் 200. கேட்ட பக்கம் இல்லை என்றால் 404. இப்போது சேவை தர இயலவில்லை என்றால் 503. இந்த எண்கள் 1996ல் வெளியான ஹெச்.டி.டி.பி. விதிகளிலேயே இருக்கின்றன.

பராமரிப்பு நேரத்தில் சொல்ல வேண்டியது 503. அத்துடன், எத்தனை நொடி கழித்துத் திரும்ப வரலாம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டு மணி நேரமானால் 7200 நொடி. தேடுபொறி அதைக் கேட்டுக்கொண்டு பிறகு வரும். இதற்குப் பதிலாக 404 என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கமே இல்லாமல் போய்விட்டது என்று அது பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கலாம். 200 என்று சொல்லிவிட்டு 'மன்னிக்கவும், பராமரிப்பு நடைபெறுகிறது' என்ற வாசகத்தைக் காட்டினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அந்த மன்னிப்பு வாசகத்தையே உங்கள் தளத்தின் உள்ளடக்கமாக அது குறித்துக்கொள்ளும்.

திருப்பிவிடுவதிலும் இரண்டு வகை உண்டு. கோடை விடுமுறையில் ஒரு மாதம் சொந்த ஊருக்குப் போகும்போது, கடிதங்களை அந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி அஞ்சலகத்தில் எழுதிக்கொடுப்போம். வீட்டையே மாற்றிக்கொண்டு போனாலும் எழுதிக்கொடுப்போம். முதலாவது தற்காலிகம், இரண்டாவது நிரந்தரம். இணையத்தில் தற்காலிகத்துக்கு 302 அல்லது 307, நிரந்தரத்துக்கு 301. இரண்டு மணி நேர வேலைக்கு 301 என்று சொல்லிவிட்டால், பலருடைய கணினிகள் அதை நிரந்தரம் என்று மனதில் பதித்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் அவை பழைய வாசலுக்கு வராமல் மாற்று வாசலுக்கே போய்க்கொண்டிருக்கும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், சிறு கடைகளுக்கு இணையதளம் நடத்தித்தரும் இளைஞர்களுக்கும் இந்தப் பகுதி பயன்படும் என்று நம்புகிறேன்.

திறக்கும் நேரமே கடினம்

மூடுவதைவிடத் திறப்பது கடினம் என்றால் பலர் வியப்படைவார்கள். மூடியிருந்த நேரத்தில் வர வேண்டியவர்கள் எல்லாரும் வெளியே காத்திருக்கிறார்கள். திறந்தவுடன் ஒரே நேரத்தில் நுழைவார்கள். புதிதாகச் சீர்செய்த சர்வர் அந்தக் கூட்டத்தில் மறுபடி படுத்துவிடும். ஆகவே கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ரேஷன் கடைகளில் விரல்ரேகை வைக்கும் ஈ-போஸ் இயந்திரங்கள் அடிக்கடி தடைப்பட்டதால், 2023 ஏப்ரல் 27, 28 ஆகிய இரு நாட்களும் கேரளம் முழுவதும் ரேஷன் கடைகளை மூடி, தகவல்களை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். ஏப்ரல் மாத ரேஷனை மே 5 வரை வாங்கிக்கொள்ளலாம் என்று காலக்கெடுவை நீட்டினார்கள். மீண்டும் திறந்தபோது 14 மாவட்டங்களையும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. ஏழு மாவட்டங்களில் காலை 8 முதல் 1 வரையும், மற்ற ஏழில் பிற்பகல் 2 முதல் 7 வரையும் என்று சில நாட்களுக்குப் பிரித்து வைத்தார்கள். இயந்திரத்தால் செய்யும் பாரப் பகிர்வை அங்கே கடிகாரத்தால் செய்தார்கள்.

கடைசித் தேதியை நீட்டியதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கூலி வேலை செய்பவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரேஷன் கடைக்கு வருகிறார். கடை மூடியிருந்த நாட்களை அவர் கணக்கில் கழிப்பது முறையல்ல. எத்தனை நாள் மூடினோமோ அத்தனை நாளையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சொன்ன நேரம் தவறினால்

எவ்வளவு திட்டமிட்டாலும் சில சமயம் வேலை இழுத்துவிடும். இதற்குக் கணினிக்கு வெளியே ஓர் அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காகக் குடிநீர்க் குழாய்களை மாற்றி அமைக்க, 2024 செப்டம்பர் 5 காலை 8 மணி முதல் 48 மணி நேரம் நீர் வராது என்று அறிவிக்கப்பட்டது. மாநகராட்சியின் 44 வார்டுகளில் தண்ணீர் நின்றது. மக்கள் இரண்டு நாளைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் வேலை முடியாமல், செப்டம்பர் 8 இரவில்தான் நீரேற்றம் மீண்டும் தொடங்கியது. மறுநாள் மாநகராட்சி எல்லைக்குள் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று.

அந்த நான்கு நாட்களில் நம் வீடுகள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. வேலை நடந்ததில் மக்களுக்கு மறுப்பில்லை. இரண்டு நாள் என்று நம்பி இரண்டு நாளைக்கு மட்டும் சேமித்ததுதான் சங்கடமாயிற்று. ஆகவேதான் நாங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றை எழுதிவைப்போம். நான்கு மணி நேர வேலையானால், இரண்டரை மணி நேரத்தில் இந்த இடத்தை எட்டாவிட்டால் புதியதைக் கைவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொள்வோம். பழையதன் பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. திரும்ப முடியாத வேலையானால், தாமதம் தெரிந்த உடனே புதிய நேரத்தை அறிவிக்க வேண்டும். 'விரைவில் சரியாகும்' என்பது பதில் அல்ல. 'இரவு 9 மணிக்கு அடுத்த தகவல் தருவோம்' என்பது பதில்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

கடைசித் தேதி உள்ள எதையும் கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம். மாதக் கடைசியிலும் நிதியாண்டுக் கடைசியான மார்ச் மாதத்திலும் சர்வர்களில் கூட்டம் அதிகம். வார இறுதி இரவுகளில் பராமரிப்பு நடப்பது வழக்கம். ரயில்வே முன்பதிவுத் தளத்திலும் நள்ளிரவை ஒட்டிச் சுமார் அரை மணி நேரம் சேவை நிற்பது வாடிக்கை. மருத்துவச் செலவுக்கோ பயணத்துக்கோ போகும்போது கையில் கொஞ்சம் ரொக்கமும், டிக்கெட்டின் அச்சுப் பிரதியும் இருக்கட்டும்.

பணம் கட்டும்போது பாதியில் நின்றுவிட்டால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். திரையில் வந்த பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

மோசடிக்காரர்களும் இந்தச் சமயங்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 'சர்வர் மாற்றம் நடக்கிறது, உங்கள் கணக்கு முடங்காமல் இருக்க இந்த இணைப்பைத் தொடவும்' என்று செய்தி வரும். உண்மையான பராமரிப்பு அறிவிப்பு நேரத்தைச் சொல்லும், மாற்று வழியைச் சொல்லும். அது ஒருபோதும் உங்கள் கடவுச்சொல்லையோ, செல்பேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணையோ கேட்காது. அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் நேராக வங்கியை அழையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

இறுதியாக நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் அறிவிப்புகள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகின்றன. மலையாளம் சரளமாகப் பேசும் நம் பெரியவர்களில் பலருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. உங்கள் செல்பேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தால், வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள முதியவர்களுக்குத் தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள். ஓய்வூதியம், ரேஷன், பாஸ்போர்ட் பற்றிய அறிவிப்பானால் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் எழுதி ஒட்டலாம்.

அலுவலகத்தில் யாராவது 'சர்வர் டவுண்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பாமல், மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது வரும்? அதுவரை வேறு வழி என்ன? கடைசித் தேதி நீட்டப்படுமா? அந்த அலுவலருக்கே விடை தெரியாமல் இருக்கலாம். நாம் தொடர்ந்து கேட்டுவந்தால், அடுத்த முறை அவர் மேலிடத்தில் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பார்.